ஏரி, ஓடை, மந்தைவெளியைக் காத்து வீட்டுமனைகளுக்கு அனுமதி வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்: ஓசூர், சூளகிரி ஒன்றியக் கிராம விவசாயிகள் சங்கத்தினர்

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கிருஷ்ணகிரி

நகல்: சார் ஆட்சியர், ஓசூர், நகர் ஊரமைப்புத் துறை, நீர்வளத் துறை

மதிப்பிற்குரிய ஐயா,

ஓசூரில் வீடுகள் பெருகுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது நிலம் கொடுத்தது இப்பகுதிக் கிராமங்கள்தான். இன்று ஆலைப் பேருந்துகளில் வேலைக்குப் போகிறவர்களில் எங்கள் பிள்ளைகளும் உண்டு. எங்கள் குறை, ஊரின் நீர்வழியையும் பொதுநிலத்தையும் பார்க்காமல் மனைப்பிரிவுகளுக்குத் தனித்தனியாக அனுமதி தருவது பற்றியது.

2019இல் ஓசூர் மாநகராட்சியானது. 2024 ஜூன் 27 அன்று 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதன்பின் பாகலூர், பேரிகை சாலைகளில் ராகியும் கொள்ளும் விளைந்த மானாவாரி நிலங்களில் எல்லைக் கல் நடுவது வேகமெடுத்தது. அவற்றில் பலவற்றில் நுழைவாயில் வளைவு இருக்கிறது, விளக்குக் கம்பம் இருக்கிறது, வீடு மட்டும் இல்லை. மனை வாங்கியவர் விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். ஆலைத் தொழிலாளியோ ஒரே அறையில் ஐந்தாறு பேரோடு வாடகைக்கு முடங்கிக் கிடக்கிறார். விளைநிலமும் போய், குடியிருக்க வீடும் வராத இந்த நிலை யாருக்கு நன்மை என்று கேட்கிறோம்.

எங்கள் ஏரிகளில் பெரும்பாலானவை மழைநீர் சரிவில் ஓடிவந்து நிரம்புபவை. எங்கள் ஊர்களில் ஒன்றில் ஏரிக்கு வரத்துக் கொடுத்த ஓடை, வருவாய்ப் பதிவேட்டில் இன்றும் ஓடைப் புறம்போக்குதான். நேரில் போய்ப் பார்த்தால் அதன்மேல் மனைப்பிரிவின் தார்ச்சாலை. அடியில் ஒரு சிமென்ட் குழாய். கனமழை பெய்ததும் செத்தையும் பிளாஸ்டிக்கும் குழாயை அடைத்துக்கொள்ள, தண்ணீர் புதிதாகக் குடிவந்தவர்களின் வீட்டுக்குள் புகுந்தது. ஏரிக்கு ஒரு சொட்டும் வரவில்லை. 1,000 அடிக்குக் கீழே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஊர்களில் இது சிறிய இழப்பல்ல. பெங்களூரு தன் ஏரிகளையும் கால்வாய்களையும் கைவிட்டதன் விளைவைத் தென்பெண்ணை ஆற்றின் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அதே தவற்றை இங்கும் செய்ய வேண்டாம்.

எனவே, எந்த மனைப்பிரிவுக்கும் அனுமதி தருமுன் புல வரைபடத்திலுள்ள ஓடை, வரத்துக் கால்வாய், வண்டிப்பாதை, மந்தைவெளி ஆகியவற்றை வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் நேரில் அளந்து கல் நட வேண்டும். ஏற்கெனவே மறிக்கப்பட்ட ஓடைகளை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் திறந்துவிட வேண்டும். கிராமப் பொதுநில ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே திருப்பித் தரும்படி ஜக்பால் சிங் வழக்கில் 2011இலேயே உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது.

2019ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 விழுக்காடு நிலம் பொதுத் திறந்தவெளியாக விடப்பட வேண்டும். அது எதற்கும் உதவாத மூலைப் பாறையாக இல்லாமல், ஓடைக்கரையையோ மந்தைவெளியையோ ஒட்டி அமைய வேண்டும். இப்போது ஊருக்குப் பொதுக் களம் இல்லாததால் ராகித் தாளைத் தார்ச்சாலையில் பரப்பி, லாரிகளுக்கு நடுவே பெண்கள் கதிரடிக்கிறார்கள். எருது விடும் விழாவுக்கும் திடல் தேடி அலைகிறோம்.

மனைப்பிரிவு வரைபடத்தைக் கிராம சபையில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். இங்கு ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறோம்; ஆகவே மூன்று மொழிகளிலும் விளக்கம் தர வேண்டும். தொழிலாளர்களுக்கு ஆலைகளை ஒட்டி, சிப்காட் நிலத்திலேயே வாடகை அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டித்தர வேண்டும். இதை நாங்கள் மனமார வரவேற்போம். சானமாவு காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில், யானைகள் வரும் தடம் என்பதால், வனத்துறையின் ஒப்புதல் இல்லாமல் மனை பிரிக்க விடக்கூடாது.

இவை குறித்து, அடுத்த கிராம சபைக்கு முன் எல்லாத் துறையினரையும் வைத்து எங்களுடன் ஒரு கூட்டம் நடத்தித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள், உறுப்பினர்கள்

இணைப்பு: புல வரைபட நகல்கள், மறிக்கப்பட்ட ஓடைகளின் புகைப்படங்கள்