வயல் யார் பேரில் இருக்கிறது?

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்பார்கள். அந்தக் கணக்கில் கொஞ்சம் கை கொடுக்கத்தான் பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் வந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாயாக விவசாயியின் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. முதலில் ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. அதே வருஷம் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வருமான வரி கட்டுகிறவர்களுக்குக் கிடையாது. கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் சேர்ந்து ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு தொகைதான்.

கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாற்று நடுவது, களை பறிப்பது எல்லாம் நாமாக இருக்கலாம். ஆனால் பணம் பாடுபடுகிறவர் பேருக்கு வருவதில்லை, நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். குத்தகைக்கு உழுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாளின் கணவர் திடீரென்று தவறிவிட்டார். ஒன்றரை ஏக்கர், பட்டா அவர் பேரில். தவணை நின்றது. அது போனால் போகிறது என்றால், விதைப்புக்குப் பயிர்க் கடன் கேட்கப் போன இடத்திலும் "சிட்டா உங்கள் பேரில் இல்லையே அம்மா" என்றுவிட்டார்கள். மச்சினரோ, "இப்போ என்ன அவசரம்?" என்கிறார். அவசரம் அவளுக்கல்லவா தெரியும்!

இப்படி நேர்ந்தால் தயங்காதீர்கள். இறப்புச் சான்றிதழ் வாங்கியதும் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்ததும் பட்டா மாறுதல். இந்துக் குடும்பத்தில் கணவர் உயில் எழுதாமல் காலமானால், அவர் பங்கில் மனைவிக்கும், மகன், மகளுக்கும், மாமியாருக்கும் சம உரிமை உண்டு. பட்டா மாறியபின், ஆதார் இணைத்த உங்கள் வங்கிக் கணக்கோடு வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். வாரிசாக வந்த நிலத்துக்கு இத்திட்டத்தில் இடமுண்டு. அதுவரை இறந்தவர் கணக்கில் ஏதும் விழுந்தால் ஏ.டி.எம். அட்டை போட்டு எடுக்காதீர்கள். பிற்பாடு திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

இன்னொன்று. "நான் சேர்த்துவிடுகிறேன்" என்று வீடு தேடி வருகிறவர்களிடம் ஜாக்கிரதை! 2020இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் பேரையெல்லாம் இடைத்தரகர்கள் ஏற்றிவிட்டார்கள். விஷயம் வெளியானதும் விசாரணை, கைது என்று அமர்க்களப்பட்டது. விழுந்த பணத்தை அந்தக் கணக்குகளிலிருந்தே திரும்பப் பிடித்தார்கள். ஆதார் சரிபார்ப்பை இ-சேவை மையத்தில் கைரேகை வைத்தே முடித்துக்கொள்ளலாம். போனில் வரும் ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் துக்கம் வந்தபின் தேடுவது கஷ்டம். கணவர் நல்லபடியாக இருக்கும்போதே, ஓய்வாக உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துக் கேட்டு வையுங்கள். பட்டா யார் பேரில், பத்திரம் எங்கே, எந்த வங்கி, எந்தக் கணக்கு? மாமனார் காலத்துப் பட்டா இன்னும் மாறாமல் கிடந்தால் அவரையே மாற்றச் சொல்லுங்கள். "இவளுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று யாராவது முணுமுணுத்தால், "பிள்ளைகளுக்காகத்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.