கிட்டப் பார்வையும் ரண சிகிச்சையும்

தீபாவளி வந்தால் ஜவுளிக் கடைக்காரர்கள் தள்ளுபடி அறிவிப்பது வழக்கம். சில வருஷங்களாகக் கண் ரண சிகிச்சைக்கும் அவ்விதமே தள்ளுபடி அறிவிக்கப்பட்டு வருகிறது. மூக்குக் கண்ணாடி இனி வேண்டாம், சில நிமிஷங்களில் வேலை முடிந்துவிடும், ஓரிரு நாளில் உத்தியோகத்துக்குப் போகலாம் என்று விளம்பரங்கள் ஆசை காட்டுகின்றன. நோயாளிகளை நேராகவோ மறைமுகமாகவோ வலிய அழைப்பது வைத்தியத் தொழிலுக்கு அடாத செய்கை என்று 2002-ம் வருஷத்து இந்திய மெடிகல் கவுன்சில் ஒழுக்க விதிகள் கூறுகின்றன. வைத்தியர்களுக்கு மட்டுமன்றி ஸ்தாபனங்களுக்கும் சேர்த்தே அது சொல்லப்பட்டது. அதை யார் லக்ஷியம் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தச் சிகிச்சைக்கு நாம் விரோதிகள் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். தக்க ஆளைப் பொறுக்கியெடுத்து, கைதேர்ந்த வைத்தியர் செய்தால் நல்ல பலன் தருவதுதான். லேசிக் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 95 பேர் திருப்தி தெரிவித்ததாக 2009-ல் வெளியான ஒரு தொகுப்பாராய்ச்சி கூறுகிறது. மேலும், இதற்கு அடிகோலியவர்களில் ஒருவர் நம்மவர். சென்னையில் பிறந்து சென்னை சர்வகலாசாலையில் படித்த ரங்கசாமி ஸ்ரீநிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இருவருடன் வேலை செய்து வந்தார். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மீது எக்ஸைமர் லேசர் என்னும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். பட்ட இடம் மட்டும் சீவினாற்போல் நீங்கிற்று. சுற்றியிருந்த பாகம் கருகவில்லை. அந்தக் கதிரையே கண் வைத்தியர்கள் பின்னால் எடுத்துக்கொண்டார்கள். மூவருக்கும் 2013-ல் ஜனாதிபதி ஒபாமா தேசீயப் பதக்கம் அளித்தார். நமக்குப் பெருமைதான். ஆனால் கதிர் நல்லது என்பதனாலேயே எல்லோருடைய கண்ணும் அதற்குத் தக்கது என்று ஆகிவிடாது.

கிட்டப் பார்வை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணுருண்டை சற்று நீண்டிருக்கிறது. அதனால் தூரத்துப் பொருளின் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே கூடிவிடுகிறது. ரண சிகிச்சை அந்த நீளத்தைக் குறைப்பதில்லை. கருவிழியின் மேலுள்ள கண்ணாடி போன்ற படலத்தைச் சீவித் தட்டையாக்கி, ஒளி கூடும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, அவ்வளவே. நீண்ட கண்ணில் விழித்திரை மெலிந்து கிழியும் அபாயம், சிகிச்சைக்கு முன் எவ்வளவோ பின்னும் அவ்வளவே. கண்ணாடி போனதும் வருஷாந்தரப் பரிசோதனையையும் விட்டுவிடுகிறவர்கள் இதை அறிய வேண்டும்.

முக்கியமான கேள்வி, முப்பது வருஷம் சென்றபின் அந்தக் கண் எப்படியிருக்கும் என்பது. இதில் பழைய சரித்திரம் நமக்குப் போதிப்பது நிறைய உண்டு. ஜப்பானில் டோக்கியோ நகரத்து வைத்தியர் ஸாட்டோ, 1940-களிலும் 1950-களிலும் கருவிழிப் படலத்தின் உட்புறத்திலும் கீறிக் கிட்டப் பார்வையைக் குறைத்தார். ஆரம்பத்தில் பலன் நன்றாகவே இருந்தது. உட்புறத்திலுள்ள நுண்ணிய அணுவரிசைதான் படலத்தில் நீர் கோக்காமல் காக்கிறது என்பதும், அது அழிந்தால் மறுபடி வளராது என்பதும் அக்காலத்தில் தெளிவாகத் தெரியாது. இருபது வருஷம் போல் கழித்து, அவர் கை பட்ட கண்களில் மிகப் பல நீர் கோத்து வெளுத்துப் பார்வை இழந்தன. ஸாட்டோ மோசக்காரரல்லர், நல்ல எண்ணத்துடன் உழைத்தவர்.

பிறகு ருஷ்யாவில் பியோதரோவ் என்ற நிபுணர், வெளிப்புறத்தில் மட்டும் சக்கரத்தின் ஆரைக்கால்களைப் போலக் கீறும் முறையை 1970-களில் வளர்த்தார். அமெரிக்காவில் அது வெகு வேகமாகப் பரவியது. அந்நாட்டார் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: சிகிச்சை பெற்றவர்களைப் பத்து வருஷம் விடாமல் பின்தொடர்ந்து பரிசோதித்தார்கள். 1994-ல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு 43 கண்களில் பார்வை ஒரு பவரோ அதற்கு மேலோ எதிர்த் திக்கில், அதாவது தூரப் பார்வையை நோக்கி, நகர்ந்திருந்தது. லேசர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

லேசிக் முறையில் படலத்தின் மேற்பகுதியை ஒரு மூடி போல் தூக்கி, அடியிலுள்ளதைக் கதிரால் சீவி, மூடியைத் திரும்பப் படுக்க வைக்கிறார்கள். அந்த மூடி பழைய உறுதியுடன் ஒருபோதும் ஒட்டுவதில்லை. பல வருஷம் கழித்தும் பலத்த அடி பட்டால் விலகக்கூடும். கபடி, குத்துச்சண்டை ஆடுகிறவர்களுக்கு மூடியில்லாத முறையே மேல் என்று சொல்வது இதனால்தான்.

இங்கே கணக்கு ஒன்று பார்க்க வேண்டும். படலத்தின் கனம் சராசரி 540 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பவருக்குச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் வரை சீவ வேண்டும். ஒருவருக்குப் படலம் 490, பவர் 8 என்று வைத்துக்கொள்வோம். மூடிக்கு 110 போயிற்று, சீவியதில் இன்னொரு 110 போயிற்று, மீதி 270. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது வெகு காலமாக வழங்கும் அளவு. ஜாக்கிரதையுள்ளவர்கள் 300 கேட்கிறார்கள். மிச்சம் போதாவிட்டாலும், முதலிலேயே படலம் கூம்பு வடிவாக மாறும் சுபாவம் மறைந்திருந்தாலும், கண்ணின் அழுத்தம் தாங்காமல் அது முன்னுக்குப் பிதுங்கும். நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இது நேருகிறது என்பது உண்மை. நேர்ந்தவருக்கோ கண்ணாடியும் உதவாது. சிலருக்குப் பிறர் கண் படலத்தை மாற்றி வைக்க வேண்டிவரும். ஆகையால் பவர் ஒரு வருஷமாவது மாறாமல் நிற்காத இளைஞர்கள், படலம் மெலிந்தவர்கள், ஓயாது கண்ணைக் கசக்கும் ஒவ்வாமைக்காரர்கள், கர்ப்பிணிகள், கடுமையான கண் வறட்சியோ முடக்குவாதமோ உள்ளவர்கள் ஆகியோரை வைத்தியர் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு நிலையத்தின் யோக்கியதையை அறிய விரும்புவோர், அங்கே எத்தனை பேருக்கு 'உமக்கு வேண்டாம்' என்று சொல்லப்பட்டது என்று விசாரிக்கலாம்.

சிறு தொந்தரவுகளும் உண்டு. அமெரிக்க சர்க்காரின் மருந்து நிர்வாக இலாகா நடத்திய ஆராய்ச்சியில், முன்பு கண் வறட்சி இல்லாதவர்களில் நூற்றுக்கு 28 பேர் வரை மூன்று மாதத்தில் வறட்சி கண்டதாகச் சொன்னார்கள். விளக்கைச் சுற்றி வளையம், கூச்சம் முதலியன புதிதாகத் தோன்றியவர்கள் 46 வரை. அன்றாட வேலைக்கு மிகுந்த இடையூறு என்றவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. நாற்பது வயதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டியது.

உத்தியோகத்துக்காகவே கண்ணைக் காட்டும் வாலிபர்கள் பலர். ரெயில்வேயில் உதவி என்ஜின் டிரைவர் வேலைக்கு வெளியான 2018, 2024 அறிவிப்புகள், லேசிக் செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்றே கூறின. கடன் வாங்கிச் சிகிச்சை செய்து, அதனாலேயே வேலையை இழப்பது எவ்வளவு பரிதாபம்!

இனி, வக்கீல் என்ற முறையில் நமக்கு அதிகக் கவலை தரும் விஷயத்துக்கு வருவோம். இருபத்தைந்து வயதில் லேசர் செய்துகொண்டவருக்கு அறுபதில் கண்புரை வரும். புரையை எடுத்து உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடப் படலத்தின் வளைவை அளக்கிறார்கள். சீவிய படலத்தில் அந்த அளவு ஏமாற்றும். பழைய வழியில் கணக்கிட்டால் பார்வை பிசகும். புதிய சூத்திரங்கள் வந்திருக்கின்றன என்றாலும், பழைய அளவுகள் கையிலிருந்தால் வைத்தியருக்குப் பெரிய உதவி. கண்ணழுத்தமும் மெலிந்த படலத்தில் குறைத்தே காட்டும். க்ளாகோமா என்னும் நோய் தெரியாமல் போகும். 2002-ம் வருஷத்து விதிகளோ, உள்நோயாளிகளின் தஸ்தாவேஜுகளை மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்கின்றன. லேசிக் செய்துகொண்டவர் அன்றைக்கே வீடு திரும்புகிறவர். அவர் உள்நோயாளி கணக்கில் சேருவாரா என்பதே வாதத்துக்குரியது. முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு வேண்டிய காகிதத்துக்கு மூன்று வருஷ ஆயுள் என்றால் என்ன நியாயம்?

சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், பெரிய அபாயங்கள், சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடியது ஆகியவற்றைச் சொல்லிப் பெறும் சம்மதமே சம்மதம் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நாம் பார்த்த சம்மதப் பாரம் ஒன்று, ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நாலு பக்கம். கையெழுத்துப் போட்டவருக்கு ஆங்கிலம் தெரியாது. இதைத் தமிழில் அச்சிடுவதில் என்ன சிரமம் இருக்கிறது?

சென்னை சர்க்கார் செய்யக்கூடியது சுலபமானது. சம்மதப் பாரம் தமிழில் இருக்க வேண்டும். சிகிச்சைக்கு முன்னிருந்த பவர், படலத்தின் வளைவு, கனம், சீவிய அளவு, மிஞ்சிய கனம் ஆகிய ஐந்தும் எழுதிய சீட்டு ஒவ்வொருவரிடமும் கொடுக்கப்பட வேண்டும். சட்டசபையிலுள்ள நண்பர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேள்வியாகக் கிளப்புவார்கள் என்று நம்புகிறோம். ஏற்கெனவே சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தஸ்தாவேஜுகளைக் கொடுக்க வேண்டுமென்று அதே 2002 விதிகள் கூறுகின்றன. நிலையத்தார் பழைய கட்டுகளை அப்புறப்படுத்துமுன், எழுத்து மூலம் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்வார்களாக.