எஞ்சின் மாற்ற விழைவோர்க்கு

செலவு செய்த பின்னர்க் கணக்குப் பார்ப்பது நம்மவருட் பலர்க்கு இயல்பாகிவிட்டது. கலியாணத்தையும் வீடு கட்டுதலையும் பற்றிய இப்பிணி மோட்டார் வண்டியையும் விட்டபாடில்லை. பழைய காருக்கு வேறோர் எஞ்சின் பொருத்த விழையும் அன்பர்க்கு யாம் கூறுவது ஒன்றே: எஞ்சினை விலை பேசுமுன், அதனைச் சூழ்ந்த செலவுகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். அங்ஙனம் எழுதுவாருட் பலர், பழைய எஞ்சினைப் பழுது பார்ப்பதே அமையும் எனக் காண்பர் என்பது எமது துணிபு.

இது பிறர் வாய்க் கேட்டுக் கூறுவதன்று. எமது இல்லத்தில் 1978ஆம் ஆண்டின் அம்பாசிடர் கார் ஒன்றுண்டு. அதன் எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர் அளவினது. நாளடைவில் அது எண்ணெயைக் குடித்துப் புகையைக் கக்கலாயிற்று. பிற்காலத்து அம்பாசிடர்களில் 1817 கன சென்டிமீட்டர் அளவுள்ள இசூசு எஞ்சின் அமைந்திருந்தது என அறிந்து, அத்தகைய பழைய எஞ்சின் ஒன்றை வாங்கினோம். வாங்கிய அன்றே பழையதைக் கழற்றி வைத்தோம். எமது கணக்கில் இருந்தவை இரண்டே வரிகள்: எஞ்சினின் விலை, பொருத்துங் கூலி.

பின்னரன்றோ உண்மை விளங்கிற்று! எஞ்சினைத் தாங்கும் பிடிகள் இடம் மாறவேண்டும். கியர்பெட்டியும் கிளட்சும் புதிதாக வேண்டும். கியர்பெட்டி மாறவே, பின்னச்சுக்குச் செல்லும் தண்டின் நீளமும் மாறவேண்டும். ரேடியேட்டர், புகைக்குழாய், மின்கம்பிகள் என ஒவ்வொன்றும் தன் பங்கைக் கேட்டு நின்றது. கைப்பொருள் கரைந்தது; வண்டியோ பதினான்கு மாதம் வேப்பமரத்தடியில் வாய்திறந்து கிடந்தது.

நிற்க. பணத்தினும் முந்தியது சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றிற் கண்ட விவரங்கள் தயாரித்தோர் குறித்தவற்றோடு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என விலக்குகின்றது. 2019ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. எஞ்சினின் எண்ணும் அச்சான்றில் பதிவாவதாகும். எனவே பதிவு அதிகாரியின் இசைவே கணக்கின் முதல் வரியாதல் வேண்டும். யாமோ அதனைக் கடைசியிற் கேட்டோம்; வேறு வகை எஞ்சினுக்கு இசைவில்லை என்னும் விடை பெற்றோம்.

வலிமை மிக்க எஞ்சினை விரும்புதல் குற்றமோ என இளைஞர் வினவலாம். குற்றமன்று. ஆனால் எமது காரின் நான்கு சக்கரங்களிலும் உள்ளவை பழைய டிரம் பிரேக்குகளே. ஓட்டத்தைப் பெருக்கி, நிறுத்தும் ஆற்றலைப் பெருக்காது விடுவோன் தன் உயிரோடு வழிப்போக்கர் உயிரையும் பணயம் வைக்கின்றான். பிரேக்குக்குப் பொருள் ஒதுக்க இயலாதவன் எஞ்சினுக்கு ஒதுக்கலாகாது.

ஆகவே யாம் கூறும் முறை இது. முதலில், பழைய எஞ்சினைச் செப்பனிட ஆகும் தொகையைப் பட்டறையில் எழுத்தில் வாங்குக. அடுத்து, மாற்றத்திற்கு இசைவு உண்டா என அறிக. உண்டெனின், வாங்கும் எஞ்சினின் வரலாறு காட்டும் பத்திரங்களையும், இன்ஷ்யூரன்ஸ் நிலையையும் ஆராய்க. பின்னர் உறுப்புகள் ஒவ்வொன்றையும் விலையோடு எழுதி, எதிர்பாரா இடர்க்கென ஐந்தில் ஒரு பங்கு மேலும் சேர்க்க. அத்தொகை முழுதும் கைக்கு வருமட்டும் பழைய எஞ்சினின் ஓர் ஆணியையும் கழற்றற்க.

எமது கதை முடிந்தவாறு யாதெனின், இசூசு எஞ்சினை வாங்கிய விலையிற் பாதிக்கு விற்றோம். பழைய எஞ்சினின் சிலிண்டர்களைக் கடைந்து, புதிய பிஸ்டன்களும் பேரிங்குகளும் இட்டோம். அதற்கான செலவு, யாம் இழந்த தொகையினும் குறைவே. கார் இன்று புகையின்றி ஓடுகின்றது. செயலில் இறங்குமுன் அழிவதையும் ஆவதையும் எண்ணுதற்கென்றே வள்ளுவர் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரம் வகுத்தார். அதனைப் பள்ளியில் மனப்பாடம் செய்த யாம், பட்டறை வாயிலில் மறந்தோம். இதனைப் படிப்போரேனும் மறவாதிருப்பாராக.