முகமறியாத் தாயும் முடியாத ஆராய்ச்சியும்

பிள்ளை பட்டம் பெற்றவுடன், "எங்கே உத்தியோகம்? என்ன சம்பளம்?" என்று விசாரிக்கிறோம். "கற்ற கல்வி எந்தக் காரியத்துக்கு உதவப் போகிறது?" என்று கேட்பவர் நம்மில் அபூர்வம். அந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட ஓர் அமெரிக்கரைப் பற்றி இவ்வாரம் சொல்ல விரும்புகிறோம்.

பால் கிரீன்கார்ட் 1925-ம் வருஷம் நியூயார்க்கில் பிறந்தார். பிரசவத்திலேயே தாயார் காலமானார். கணிதமும் பௌதிகமும் பயின்று 1948-ல் அவர் பட்டம் பெற்றபோது, ஹிரோஷிமா அழிந்து மூன்று வருஷமே ஆகியிருந்தது. பௌதிகத்தில் மேற்படிப்புக்கான உபகாரச் சம்பளம் அணுசக்திக் கமிஷனிடமிருந்து கிடைத்து வந்தது. சங்கார வேலைக்குத் தம் அறிவு துணைபோவதை அவர் விரும்பவில்லை. உயிரைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் திரும்பினார்.

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் மின்சாரமே பிரதானம் என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. கிரீன்கார்டோ ரசாயனத்தின் வழியே சென்றார். வாசற்கதவை ஒருவர் தட்டினால், உள்ளே ஒருவர் எழுந்து மற்றவரை எழுப்புவதில்லையா? அது போலவே, டோபமைன் என்னும் ரசாயனம் வெளியே வந்து தட்டியதும், நரம்பணுவுக்குள் சில புரதங்களில் பாஸ்பேட் வந்து ஒட்டுகிறது. அவற்றின் தொழில் மாறுகிறது. இதை விளக்கியதற்காக 2000-ம் வருஷத்து நோபெல் பரிசை ஆர்விட் கார்ல்ஸன், எரிக் காண்டெல் இருவரோடும் பகிர்ந்துகொண்டார்.

பரிசுப் பணத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை. முகமறியாத தாயின் பெயரால், பெண் விஞ்ஞானிகளுக்கு ஒரு பரிசை ஸ்தாபித்தார். 2004 முதல் அது வழங்கப்பட்டு வருகிறது.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. ஜெர்மானிய வைத்தியர் அல்ஸைமர் 1906-ல் விவரித்த மறதி நோயை ஆராய்ந்தார். அந்நோய் கண்டவர் மூளையில் அமிலாய்ட் என்ற பொருள் படிகிறது. அதன் உற்பத்தியைத் தூண்டும் ஒரு புரதத்தைப் பற்றி 2010-ல் அவரது ஆராய்ச்சிக்கூடம் அறிவித்தது. 2019-ல், 93-வது வயதில் அவர் மறைந்தார். நோயைப் பூரணமாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் கிட்டவில்லை.

ஆகையால், சாப்பிட்டதை மறந்து மீண்டும் இலை போடச் சொல்லும் பெரியவரிடம் கோபிக்க வேண்டாம். அது பிடிவாதமன்று, பிணியாயிருக்கலாம். அருகில் புஸ்தகத்துடன் இருக்கும் பேரனிடமோ பேத்தியிடமோ, மீதி வேலை காத்திருக்கிறது என்று மட்டும் சொல்லி வைப்போம்.