கடலில் கூண்டு வைக்கும் முன்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன், இப்போது முக்குளிக்க வருபவர்களைப் படகில் கூட்டிப் போகிறான். போன வாரம் ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டுக்கு வந்தவன் கேட்டான்: "சார், கடல்ல கூண்டு போட்டு மீன் வளர்க்கலாம்னு பேசிக்கிறாங்க. நல்லதுதானே?" அவனுக்குச் சொன்ன பதிலை இங்கும் எழுதுகிறேன்.

கொடுவாவும் கடல் விராலும் வளர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. எங்கே வளர்ப்பது என்பதுதான் கேள்வி. கூண்டு என்பது வலையால் ஆன தொட்டி. தின்னாத தீனியும் மீன் கழிவும் வலைக்கண் வழியே அடியில் இறங்கும். நீரோட்டம் மந்தமான இடத்தில் அது அழுகி, அடிநீரின் ஆக்சிஜனைக் குறைத்துவிடும். கீழே பாரோ மூழ்கிய கப்பலோ இருந்தால், அதில் ஒட்டி வாழும் உயிர்கள் என்ன ஆகும்? பிறகு முக்குளிக்க யார் வருவார்?

மூழ்கிய கப்பல் வெறும் இரும்பு அல்ல. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பலைக் காண இன்றும் வெளிநாட்டார் வருகிறார்கள். 300 பேருக்கு மேல் மாண்ட இடம், இன்று மீன்களின் வீடு. அப்படி ஒரு வீடு அமையப் பல பத்தாண்டுகள் ஆகும்.

"எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கும்" என்பார்கள். மண்டபம் பகுதியில் கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை வளர்க்கத் தொடங்கியபோதும் அப்படித்தான் நம்பினோம். 2008இல் அது குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பிடுங்கினாலும் மிஞ்சிய துண்டிலிருந்து மறுபடி வளரும் பாசி அது. அதை நம்பிப் பிழைக்கும் பெண்களை நான் குறை சொல்லவில்லை. பவளப்பாறைக்குப் பக்கத்தில் இடம் காட்டியவர்களைத்தான் கேட்கிறேன்.

சட்டம் காப்பாற்றுமா? சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் புதுச் சட்டம் வந்து, பண்ணைகளுக்கு மறுபடி வழி திறந்தது. 2023 திருத்தம் கடற்கூண்டையும் அதில் சேர்த்தது. வென்ற வழக்கே இப்படி ஆனது என்றால், நாம் வாய்மூடி இருந்தால் என்ன ஆகும்?

நான் கேட்பது மூன்றுதான். பார்களும் மூழ்கிய கப்பல்களும் இருக்கும் இடத்தை முதலில் வரைபடத்தில் குறியுங்கள். அதன் அருகே கூண்டுக்கு அனுமதி வேண்டாம். அனுமதிக்கு முன் மீனவ ஊர்ப் பஞ்சாயத்தில் திட்டத்தைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். கூண்டு வைத்தபின் அடிக்கடலைச் சோதித்து, முடிவை ஊரறிய வெளியிடுங்கள்.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பெஞ்சை நகர்த்தவே நான் கேட்டுவிட்டுத்தான் நகர்த்துவேன். கடல் அதைவிடப் பெரிய வகுப்பு. சரியென்று பட்டால் பகிருங்கள், தவறென்றால் திருத்துங்கள்.