பயணச்சீட்டில் அடங்காத வரவு

நகரப் பேருந்து நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கு வெளியாகும்போதெல்லாம் ‘மீண்டும் நட்டம்’ என்னும் செய்தியே முதலில் நம் கண்ணில் படுகிறது. கட்டணத்தை உயர்த்துக, வழித்தடங்களைக் குறைத்திடுக என்ற யோசனைகளும் உடனே எழுகின்றன. ஆனால், பயணச்சீட்டு வருவாயை மட்டுமே வரவாகக் கொள்ளும் கணக்கு முழுமையானதன்று என்றே நாம் கருதுகிறோம்.

பேருந்தில் செல்லும் ஐம்பது பேரும் தனித்தனி வாகனங்களில் புறப்பட்டால் எரிபொருளும் சாலையிடமும் நேரமும் பன்மடங்கு செலவாகும். அந்தச் செலவு எந்த நிறுவனத்தின் ஏட்டிலும் ஏறுவதில்லை. வாகனக் கடன் தவணையாகவும் பெட்ரோல் செலவாகவும் காப்பீட்டுத் தொகையாகவும் நம் குடும்பக் கணக்கில் ஏறுகிறது.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கை இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பு, திட்டம் ஈட்டும் பணத்தை மட்டும் கருதி 8 விழுக்காடு நிதிசார் வருவாய் விகிதம் எதிர்பார்க்கப்பட்டது. புதிய கொள்கையோ மிச்சமாகும் நேரம், எரிபொருள், குறையும் மாசு ஆகியவற்றையும் சேர்த்து, 14 விழுக்காடு பொருளாதார வருவாய் விகிதத்தை அளவுகோலாக்கியது. நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு இணைப்பு வசதி வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. வணிகவியல் மொழியில் சொன்னால், மெட்ரோ நிலை மூலதனம். இணைப்புப் பேருந்து நடைமுறை மூலதனம். பின்னது இல்லையேல் முன்னது முழுப்பயன் தராது.

கட்டணத்தின் விளைவை இரு நகரங்கள் காட்டுகின்றன. தில்லி மெட்ரோவின் உச்சக் கட்டணம் 2017இல் இரு கட்டங்களாக 30 ரூபாயிலிருந்து 60 ரூபாயாயிற்று. இரண்டாம் உயர்வு வந்த அக்டோபரில் நாள்தோறும் ஏறத்தாழ 3 லட்சம் பயணிகள் குறைந்தனர். மும்பையின் பெஸ்ட் நிறுவனம் 2019 ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணத்தை 8 ரூபாயிலிருந்து 5 ரூபாயாகக் குறைத்தது. பயணிகள் பெருமளவில் திரும்பி வந்தனர்.

எனினும், கூட்டம் பெருகியதால் பற்றாக்குறை மறையவில்லை. 2025 மே மாதத்தில் அந்த 5 ரூபாய் 10 ரூபாயாயிற்று. பெஸ்டின் மின் வழங்கல் பிரிவு ஈட்டிய உபரி ஒரு காலத்தில் பேருந்துப் பிரிவைத் தாங்கியது. அவ்வழி அடைபட்டபின் நிலையான மாற்று வழி அமையவில்லை. மலிவான பயணம் தவறன்று. அதற்கான தொகையை யார் தருவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாததே தவறு.

ஆகவே, பொதுப் போக்குவரத்துக்கு அளிக்கும் தொகையை நட்டத்தை ஈடுகட்டும் உதவியாகக் கருதாமல், நகரம் விலை கொடுத்து வாங்கும் சேவையாக ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். நிலையங்களை ஒட்டி நிலமதிப்பு உயரும்போது அவ்வுயர்வில் ஒரு பங்கையும் இதற்குத் திருப்பலாம். அதே வேளையில், பணிமனையில் முடங்கிக் கிடக்கும் பேருந்துக்கும் காலந்தவறும் சேவைக்கும் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். ஒரு பயணிக்கு ஆகும் செலவு எவ்வளவு, அவர் காத்திருந்த நேரம் எவ்வளவு என்னும் இரு எண்களையும் ஆண்டறிக்கையில் கேட்டுப் பெறுவது வரி செலுத்தும் நமது உரிமை.