மூடிய பெட்டியும் திறந்த வாயும்

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையைச் சேர்ந்த குடியரசுக் கட்சி அங்கத்தினர்கள் கதவை அடைத்துக்கொண்டு பல மணி நேரம் கூடியிருந்து, தங்கள் குழுவில் மூன்றாம் ஸ்தானத்தை வகித்துவந்த லிஸ் சேனி அம்மையாரை அப்பதவியில் வைத்துக்கொள்வதா, விலக்குவதா என்று வாதித்தார்கள். அம்மையார் செய்த பிழை, மூன்று வாரங்களுக்கு முன் ஜனாதிபதி டொனால்டு டிரம்ப்பின் மீது வந்த பதவிநீக்கக் குற்றச்சாட்டை, அவர் தம் கட்சியின் தலைவர் என்பதையும் பாராமல், ஆதரித்து வாக்களித்ததே. ரகசியச் சீட்டுகளை எண்ணியபோது அவருக்குச் சாதகமாக 145, பாதகமாக 61 என்று கணக்கு வந்தது. மூன்று மாதங்கள் கழித்து, மே 12-ஆம் தேதி, அதே கூட்டம் மறுபடியும் கூடியது. இம்முறை சீட்டும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. வாயால் எழுப்பிய ஒலியிலேயே சில நிமிஷங்களில் அம்மையாரின் பதவி போயிற்று.

இடைப்பட்ட காலத்தில் அம்மையார் மௌனவிரதம் பூண்டிருக்கவில்லை. தேர்தல் திருடப்பட்டது என்று டிரம்ப் சொல்லிவந்ததைப் பொய் என்று ஓயாமல் கண்டித்துவந்தார். சகாக்களுக்கு அதனால் சலிப்பு மூண்டிருந்தது. இதெல்லாம் வாஸ்தவந்தான். என்றாலும், சீட்டில் எழுதும் கைக்கும் சபையில் திறக்கும் வாய்க்கும் இத்தனை தூரம் விழுந்ததற்குச் சலிப்பு ஒன்றே காரணம் என்று நம்ப என்னால் இயலவில்லை. ஜனவரி 6-ஆம் தேதி நாடாளுமன்ற மாளிகைக்குள் கும்பல் புகுந்து, அங்கத்தினர்கள் உயிருக்கு அஞ்சி ஒளிந்திருந்த அந்த நாள் முடிந்து இரவு சபை மீண்டும் கூடியபோதும், ஏதேனும் ஒரு ராஜ்யத்தின் தேர்தல் முடிவை ஏற்கலாகாது என்று பிரதிநிதிகளில் 139 பேரும் செனட்டர்களில் 8 பேரும் வாக்களித்தார்கள். ஒரு வாரம் சென்று 232-க்கு 197 என்ற கணக்கில் பதவிநீக்கக் குற்றச்சாட்டு நிறைவேறியபோது, அதை ஆதரித்த குடியரசுக் கட்சியினர் பத்தே பேர். அப்பத்துப் பேரையும் கழித்துவிட்டால், பகிரங்கமாகக் குற்றச்சாட்டை ஆதரிக்காமல் இருந்து, ரகசியமாக அம்மையாரைக் காத்தவர்கள் குறைந்தது 135 பேராவது இருந்திருக்க வேண்டும் என்று சாதாரணக் கணிதமே சொல்கிறது.

இவர்களைக் கோழைகள் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டுப் போவது பத்திரிகை எழுதுகிறவர்களுக்குச் சுலபமான காரியம். ஆனால் இவர்களுள் பலர் போர்முனை கண்டவர்கள். துப்பாக்கிக்கு முன் அசையாதவன் ஒரு வாக்குக்கு முன் ஏன் அசைகிறான் என்பதுதான் விசாரிக்கத் தக்கது.

நம் நாட்டு வாசகர்களுக்கு இது விளங்குவதற்குச் சற்றே சிரமம் உண்டு. இங்கே தலைவர் மனம் கோணினால் அடுத்த தேர்தலில் டிக்கெட் கிடைக்காது. கொறடாவின் கட்டளையை மீறினால், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, வகிக்கும் ஸ்தானமே பறிபோகலாம். அமெரிக்காவில் இவ்விரண்டு நிர்ப்பந்தமும் கிடையாது. வேட்பாளராக நிறுத்தவோ நிறுத்தாமல் விடவோ அங்கே தலைவருக்குச் சட்டப்படி யாதோர் அதிகாரமும் இல்லை. கட்சியை எதிர்த்து நாள்தோறும் வாக்களித்தாலும் அங்கத்தினரின் ஆசனம் அசையாது. ஏட்டளவில் பார்த்தால் உலகத்தில் அவர்களைப்போல் சுயேச்சை பெற்ற சட்டசபைக்காரர்கள் வெகு சிலரே.

அந்தச் சுயேச்சையை விழுங்கிவிட்டது பிரைமரி என்னும் உட்கட்சித் தேர்தல். வேட்பாளரைக் கட்சியின் கனவான்கள் புகை சூழ்ந்த அறைகளில் உட்கார்ந்து தீர்மானித்த காலத்தில், அந்த அதிகாரத்தை அவர்கள் கையிலிருந்து பிடுங்கி ஜனங்களிடம் ஒப்படைக்க வேண்டுமென்று விஸ்கான்சினில் ராபர்ட் லா ஃபாலெட் போன்ற சீர்திருத்தவாதிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போராடிக் கொண்டுவந்த ஏற்பாடு இது. நோக்கம் உத்தமமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெரும்பாலான தொகுதிகள் ஏதேனும் ஒரு கட்சிக்கே பட்டா எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்ட பிறகு, நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தல் வெறும் சடங்காகி, அதற்கு முன் நடக்கும் பிரைமரியே அசல் தேர்தலாகிவிட்டது. அதற்கு வந்து வாக்களிப்பவர்களோ தொகுதியில் ஒரு சிறு பகுதியினர். அச்சிறு பகுதியிலும் மிகுதியானவர்கள் தலைவரிடத்தில் பக்தி முற்றியவர்கள். ஆகவே அங்கத்தினர் தலைவருக்குப் பயப்படுகிறார் என்று சொல்வது பாதி உண்மை. தம் வீட்டு வாசலில் நிற்கும் அந்தச் சில ஆயிரம் பேருக்குத்தான் அவர் பயப்படுகிறார். தலைவர் விரலை நீட்டினால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சேனி அம்மையாரின் கதை இதற்கு அளவுகோல். முன்னாள் உப ஜனாதிபதியின் மகள். கொள்கையில் அப்பழுக்கற்ற வலதுசாரி. 2020-ஆம் ஆண்டுப் பிரைமரியில் நான்கில் மூன்று பங்குக்குச் சமீபமான வாக்குகளைப் பெற்றவர். 2022 ஆகஸ்ட் 16-ஆம் தேதி அதே வயோமிங் ராஜ்யத்தில், டிரம்ப் ஆதரித்த ஹாரியட் ஹேகமன் சுமார் 1,13,000 வாக்குகள் பெற, அம்மையாருக்குக் கிடைத்தவை சுமார் 49,000. வரி, ராணுவம், துப்பாக்கி உரிமை ஆகியவற்றில் அவருடைய அபிப்பிராயம் எள்ளளவும் மாறியிருக்கவில்லை. ஒரு மனிதரைப் பற்றிய அபிப்பிராயம் மட்டுமே மாறியது. வயோமிங் மன்னிக்காத மாற்றமும் அது ஒன்றுதான்.

அந்தப் பத்துப் பேரில் நால்வர் அடுத்த தேர்தலில் நிற்பதில்லை என்று தாமாகவே விலகினர். நால்வர் பிரைமரியில் தோற்றனர். மிஞ்சி வென்றவர்கள் இருவர். அவ்விருவரும் எங்கிருந்து வந்தவர்கள் என்று பார்த்தால் ஒரு விஷயம் துலங்கும்: ஒருவர் கலிபோர்னியா, மற்றொருவர் வாஷிங்டன் ராஜ்யம். இரண்டிலும் கட்சிக்கொரு பிரைமரி கிடையாது. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் நிற்க, எல்லா வாக்காளரும் வாக்களித்து, முதலிரண்டு பேரைப் பொதுத்தேர்தலுக்கு அனுப்புகிறார்கள். (அதே வாஷிங்டனில் இன்னொருவர் அம்முறையிலும் தோற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், சர்வரோக நிவாரணி எதுவும் இல்லை.) பின்னர் நடந்த செனட் விசாரணையில் டிரம்ப் குற்றவாளி என்று வாக்களித்த குடியரசுக் கட்சியினர் எழுவரில் ஒருவரான லிசா மர்கவ்ஸ்கி அம்மையார் 2022-இல் மறுபடி வென்றதும், அத்தகைய பொதுப் பிரைமரியையும் வரிசை விருப்ப வாக்கையும் புதிதாக ஏற்றுக்கொண்டிருந்த அலாஸ்காவில்தான். மாறாக, எழுவரில் மற்றொருவரான பில் காசிடியின் லூயிசியானாவோ, வெகுகாலமாகப் பொதுவாக நடத்திவந்த தேர்தலை 2024-இல் சட்டமியற்றி, 2026 முதல் கட்சிவாரிப் பிரைமரியாக மாற்றிக்கொண்டது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். அது அற்பமான ஆட்சேபமுமன்று. பிரதிநிதி என்பவன் தன்னை அனுப்பிய ஜனங்களுக்கு அஞ்சாமல் வேறு யாருக்கு அஞ்ச வேண்டும், ஜனங்களுக்குப் பயப்படுவதைக் குற்றமென்றால் அப்புறம் ஜனநாயகம் எதற்கு என்று கேட்கலாம். எட்மண்ட் பர்க் 1774-இல் பிரிஸ்டல் நகரத்து வாக்காளரிடம், பிரதிநிதி உங்களுக்கு உழைப்பை மட்டுமின்றித் தன் சொந்த விவேகத்தையும் தரக் கடமைப்பட்டவன் என்ற பொருள்படப் பேசிய பேச்சைச் சாஸ்திர வாக்கியம்போல் எடுத்துக்காட்டுவது வழக்கம். அதன் பின்கதையை எடுத்துக்காட்டுபவர்கள் அரிது. ஆறு ஆண்டுகளில் பிரிஸ்டல்காரர்கள் அவரிடம் அதிருப்தி கொண்டுவிட, தேர்தலில் வெல்ல வழியில்லை என்று கண்டு 1780-இல் விலகிக்கொண்ட பர்க், தம்மை ஆதரித்த ராக்கிங்ஹாம் பிரபுவின் சட்டைப்பையில் இருந்தது என்றே சொல்லத்தக்க மால்ட்டன் தொகுதி வழியாகப் பார்லிமெண்டுக்குள் திரும்பினார். மனச்சாட்சியின் மகா உபாசகருக்கு மனச்சாட்சியைக் காத்துக்கொள்ள ஒரு பிரபுவின் தயவு தேவைப்பட்டது.

அமெரிக்காவிலேயே இதற்கு ஈடான கதை ஒன்று உண்டு. 1936-இல் 48 ராஜ்யங்களில் 46-ஐ வென்று, ஜனங்களின் அபிமானத்தில் எவரும் எட்டாத உயரத்தில் இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், தம் திட்டங்களுக்குக் குறுக்கே நின்ற சொந்தக் கட்சிச் செனட்டர்களை 1938-ஆம் ஆண்டுப் பிரைமரிகளில் களையெடுக்க முனைந்தார். ஆகஸ்ட் மாதம் ஜார்ஜியாவில் பார்ன்ஸ்வில் என்னும் சிற்றூருக்குச் சென்று, செனட்டர் வால்ட்டர் ஜார்ஜை அதே மேடையில் உட்கார வைத்துக்கொண்டே, தமக்கு இங்கே வாக்கிருந்தால் இவருடைய எதிராளிக்கே அளிப்பேன் என்று கூட்டத்தாரிடம் சொன்னார். ஜார்ஜ் எழுந்து கைகுலுக்கி, சவாலை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி, வென்றும் காட்டினார். தென் கரோலினாவில் ஸ்மித்தும் மேரிலாந்தில் டைடிங்ஸும் அவ்விதமே வென்றார்கள். ரூஸ்வெல்ட்டால் வீழ்த்த முடிந்தது நியூயார்க் பிரதிநிதி ஒருவரை மட்டுமே. ஒரு மகா தலைவரை எதிர்த்தும் சட்டசபைக்காரர் தலைநிமிர்ந்து நின்ற காலம் அது என்று நாம் மெச்சத் தொடங்குமுன், ஜார்ஜ் நின்ற தளம் எது என்று பார்க்க வேண்டும். ஜார்ஜியாவில் அன்று கறுப்பின மக்கள் பிரைமரியில் கால்வைக்க இயலாது. வாக்களிக்க வரி கட்ட வேண்டியிருந்ததால் ஏழை வெள்ளையரும் ஏராளமாக ஒதுங்கியிருந்தனர். ரூஸ்வெல்ட்டின் அபிமானிகளில் பெரும் பகுதியினருக்கு வாக்கே இல்லை. உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் உள்ளூர்ப் பத்திரிகைகளும் தாங்கிப் பிடித்த தைரியம் அது.

சட்டசபைக்காரரின் சுயேச்சை எக்காலத்திலும் ஏதோ ஓர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். பர்க்குக்கு ஒரு பிரபு. ஜார்ஜுக்கு ஓர் அநீதியான வாக்காளர் பட்டியல். 2021 பிப்ரவரியில் அந்த 145 பேருக்கு மூடிய பெட்டி. பழைய ஊன்றுகோல்களில் பல அக்கிரமமானவை; அவற்றை முறித்துப்போட்டது நியாயமே. முறித்தவர்கள் அவற்றுக்குப் பதில் வேறொன்றை வைக்க மறந்துவிட்டார்கள். ரகசிய வாக்கைச் சபைக்குள்ளேயே கொண்டுவந்துவிடலாமே என்று சிலர் யோசிப்பதுண்டு. எனக்கு அது உவப்பில்லை; பிரதிநிதி என்ன செய்தான் என்பதை அறியும் பாத்தியதை ஜனங்களுக்கு உண்டு. அந்த ஜனங்களின் தொகையைப் பெருக்குவதே, அலாஸ்காவைப்போல் எல்லோரும் வந்து வாக்களிக்கும்படி பிரைமரியின் வாசலை அகலத் திறப்பதே, நான் கண்ட வரையில் கண்ணியமான ஊன்றுகோல். அந்த அலாஸ்கா முறையையும் 2024-இல் ரத்துச் செய்ய முயன்றார்கள். ஆயிரம் வாக்குக்கும் குறைந்த வித்தியாசத்தில் அது பிழைத்தது.

முன்னே போகிறவன் அடிபடுவான் என்று எல்லோரும் ஒதுங்கி நிற்கும்போது பொறுப்பு எப்படிக் கைமாறிக் கைமாறிக் காணாமற் போகிறது என்பதற்கு மிட்ச் மெக்கானல் செனட்டில் செய்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஜனவரி 6-ஆம் தேதிச் சம்பவங்களுக்கு நடைமுறையிலும் தார்மிகத்திலும் டிரம்ப்பே பொறுப்பு என்று எழுந்து நின்று சொன்னார். சொல்வதற்குச் சற்று முன்தான் அவரை விடுவிக்க வாக்களித்திருந்தார். பதவியிலிருந்து இறங்கிவிட்ட ஒருவரை விசாரிக்கச் செனட்டுக்கு அதிகாரம் இல்லை என்பது அவர் காட்டிய நியாயம். டிரம்ப் பதவியில் இருந்த நாட்களில் செனட்டை முன்கூட்டியே கூட்ட மறுத்த பெரும்பான்மைத் தலைவரும் அவரேதான். தண்டிக்க 67 வாக்குகள் வேண்டியிருக்க, 57 கிடைத்தன. நீதிமன்றங்கள் இருக்கின்றன என்று மெக்கானல் அன்று சுட்டிக்காட்டினார். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஜனாதிபதி தம் உத்தியோக முறையில் செய்த காரியங்களுக்குப் பெருமளவு பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதற்குள், மார்ச் மாதத்திலேயே, மெக்கானல் டிரம்ப்பின் வேட்புரிமையை ஆதரித்து அறிக்கை விட்டிருந்தார்.

1974-ஐ நினைவூட்டிப் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. ஆகஸ்ட் 7-ஆம் தேதி குடியரசுக் கட்சிப் பிரமுகர்களான கோல்ட்வாட்டர், ஸ்காட், ரோட்ஸ் ஆகிய மூவரும் வெள்ளை மாளிகைக்குச் சென்று தம் கட்சி ஜனாதிபதி நிக்ஸனைப் பதவி விலகச் சொன்னதாகக் கதை வழங்குகிறது. அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. செனட்டில் அவருக்கு எத்தனை வாக்குகள் மிஞ்சியிருக்கின்றன என்ற எண்ணிக்கையைத்தான் சொன்னார்கள். நிக்ஸனைக் காட்டிக்கொடுத்த ஒலிநாடாவின் உண்மை இரண்டு நாள் முன்பே ஊரெல்லாம் பரவி, வாக்காளரின் மனமும் அதற்குள் இளகிவிட்டிருந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, கம்யூனிஸ்டு வேட்டையில் இறங்கியிருந்த செனட்டர் மெக்கார்த்தியின் செல்வாக்கு உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த 1950 ஜூன் 1-ஆம் தேதியன்று, அவருடைய கட்சியையே சேர்ந்த மார்கரெட் சேஸ் ஸ்மித் அம்மையார் ஆறே சகாக்களின் துணையோடு அப்போக்கைக் கண்டித்துச் செனட்டில் எழுந்து பேசியது. அவருக்குப் பரிகாசப் பெயர் கிடைத்தது, ஒரு முக்கியமான உபகுழுவில் இருந்த ஸ்தானமும் போயிற்று. செனட் மெக்கார்த்தியைக் கண்டிக்க 1954 டிசம்பர் வரை ஆயிற்று. அப்போதும் குடியரசுக் கட்சியினர் சரிபாதியாக, 22-க்கு 22 என்று, பிரிந்தே நின்றார்கள். அவ்வாண்டுப் பிரைமரியில் மெயின் ராஜ்யத்து வாக்காளர்கள் மெக்கார்த்தியின் ஆளைப் புறந்தள்ளி அம்மையாரையே பெருவாரியாகத் தேர்ந்தார்கள். வாக்காளர் எப்போதும் தண்டித்தே தீர்வார் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான்போலும்.

பிரைமரியோடு முடிந்துவிடுகிற பயமாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. அப்போது செனட்டராக இருந்த மிட் ராம்னி, ஜனவரி 6-க்குப் பின் தம் குடும்பத்தின் பாதுகாப்புக்கு நாளொன்றுக்கு 5,000 டாலர் செலவிட நேர்ந்ததைத் தம் சரித்திரத்தை எழுதியவரிடம் தெரிவித்திருக்கிறார். அத்தகைய செல்வம் எல்லாச் சட்டசபைக்காரருக்கும் உண்டா? 2025 ஜூனில் வட கரோலினாச் செனட்டர் தாம் டில்லிஸ், டிரம்ப்பின் பெரிய வரி மசோதாவை எதிர்த்து நின்று, பிரைமரியில் எதிராளியை நிறுத்துவேன் என்ற மிரட்டலையும் பெற்று, மறுநாளே இனி தேர்தலில் நிற்பதில்லை என்று அறிவித்தார். அறிவித்த பின்பு அவர் பேச்சில் ஏறிய கலகலப்பைக் கேட்டவர்களுக்கு, விடுதலை பெற்ற கைதியின் நினைவு வந்திருக்கும்.

அதே ஆண்டு ஏப்ரலில், ஆங்கரேஜ் நகரில், தர்ம ஸ்தாபனங்களை நடத்துவோர் கூடிய ஒரு கூட்டத்தில் மர்கவ்ஸ்கி அம்மையார், நாங்கள் எல்லோரும் பயந்திருக்கிறோம் என்று சொன்னார். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, பழிவாங்கல் மெய்யாகவே நடப்பதால், வாய் திறக்கத் தமக்கே பல சமயம் தயக்கமாக இருக்கிறது என்றார். இதைச் சொன்னவர், பொதுப் பிரைமரி நடக்கும் ராஜ்யத்தில் டிரம்ப்பின் வேட்பாளரைத் தோற்கடித்து வந்தவர். 2028 வரையில் வாக்காளரைச் சந்திக்கும் அவசியமும் இல்லாதவர்.